நடவுப் பாட்டு என்று நான் சொன்ன பொய்

என் செண்பகக்காவுக்கு,

நீ இருந்த நாளில் உனக்கு ஒரு கடிதம்கூட நான் எழுதியதில்லை. ஒரே வீட்டில், அடுக்களைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவளுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? சொல்ல வேண்டியதை நேரில் சொல்லியிருக்கலாம். பதினெட்டு வருடம் அவகாசம் கொடுத்தாய். நான்தான் சொல்லாமல் விட்டேன்.

முதலில் வீட்டு விசேஷத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்காமல் நீ வேறு எதற்கும் காது கொடுக்க மாட்டாய். தச்சநல்லூர் வீட்டில் உன் அறையில் இப்போது என் கீபோர்டும் ஸ்பீக்கர் பெட்டிகளும் கிடக்கின்றன. நீ நட்ட முருங்கை ஒரு காற்றுக்கு முறிந்து விழுந்தது. இப்போது முறிந்த இடத்திலேயே தழைத்து நிற்கிறது. எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. என் பெண்டாட்டி சரசு காப்பியில் சீனி போடுவதில்லை. நீ இருந்திருந்தால் அவளுக்குத் தெரியாமல் அரைக் கரண்டி போட்டுக் கொடுத்திருப்பாய். என் மகள் பார்வதிக்கு, உன் பாருவுக்கு, இது ஏழாம் மாதம். போன வாரம் இந்த வீட்டில்தான் வளைகாப்பு நடந்தது. அன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இதைப் பத்திரிகையில் போடுகிறார்கள். உன்னோடு சேர்ந்து ஊரும் கேட்கும், கேட்கட்டும். பொய்யை மைக் வைத்துச் சொல்லிவிட்டு, உண்மையை மட்டும் உன் காதில் குசுகுசுவென்று சொல்வது எனக்கே நன்றாக இல்லை. ஆனால் ஒன்று: பாட்டின் முதல் அடியை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஊகிக்க விரும்பாதவர்களுக்கும் எந்தப் பாட்டென்று தெரிந்துவிடும். இதைப் படிக்கிறவர்களில் நாலு பேராவது அதைத் தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பாடியிருப்பார்கள். அவர்கள் வயிற்றைக் கலக்க எனக்கு மனசில்லை.

உன் மகள் கோமு போன அன்று நான் ஊரில் இல்லை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணக் கச்சேரிக்குப் போயிருந்தேன். தை மாதம் அவளுக்குக் காது குத்துவதாக இருந்தது. தாய்மாமன் மடியில்தானே உட்கார வேண்டும் என்று நான் புது வேட்டிகூட எடுத்து வைத்திருந்தேன். மூன்று வயது முடியவில்லை அவளுக்கு. ஆழ்வார்திருநகரியில் உன் புகுந்த வீட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் படித்துறை. ஐப்பசி மழையில் ஆறு ஏறியிருந்தது. நீ சேலையைப் பிழிந்து படியில் போடத் திரும்பியிருக்கிறாய், அவ்வளவு நேரம்தான்.

நான் வந்து சேர்ந்தபோது பிள்ளையைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். நீ படித்துறையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாய். ஒப்பாரி என்றால் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, ஒருத்தி எடுக்க மற்றவர்கள் தொடுப்பார்கள். உன் பாட்டைத் தொடுக்க ஒருத்தராலும் முடியவில்லை, ஏனென்றால் அது யாருக்கும் தெரிந்த பாட்டு இல்லை. அங்கேயே, அந்தப் படியில், நீயாகக் கட்டியது. நாலு கண்ணி. முதல் மூன்றில் சாவு என்ற பேச்சே கிடையாது. சோறு ஆறுது வா, பூ வாடுது வா, கொலுசு மாட்டணும் வா என்று பிள்ளையைக் கூப்பிடுவது மட்டும்தான். ஒவ்வொரு அடி முடிவிலும் கோமு, கோமு, கோமு.

நாலாவது கண்ணி வேறு. அது ஊரில் எவருக்கும் தெரியாது என்பதால் இங்கே எழுதலாம்.

பொழுது சாஞ்சு படி நனைஞ்சு போச்சே, கோமு
பூட்டின கொலுசு பாதி அவுந்து போச்சே, கோமு
தண்ணி குளிருதோ, தனிச்சுப் படுத்தியோ, கோமு
தாயி கரையில நிக்கேன், நான் வரட்டோ, கோமு

நீ அந்தக் கடைசி அடியைப் பாடும்போதெல்லாம் நான் உனக்கு இரண்டு படி பின்னால் வந்து உட்கார்ந்துகொள்வேன். பதினாறு நாளும் உட்கார்ந்தேன். துணைக்கு இருக்கிறான் தம்பி என்று ஊர் சொன்னது. நான் உன் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ எழுந்தால் பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை.

பதினாறாம் நாள் நீ தலை முழுகி, ஈரச் சேலையோடு படியேறி வந்தாய். நம் பெண்கள் சாவு வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தால் குளிக்காமல் வாசல் ஏற மாட்டார்கள். ஒப்பாரியைச் சாவு விழாத வீட்டில் பாடவே கூடாது, வாய்க்குள் முணுமுணுக்கவும் கூடாது. நீ ஒரு தடவை ஆற்றைத் திரும்பிப் பார்த்தாய். "பாட்டை ஆத்துலயே விட்டுட்டு வந்துட்டேன் முருகா. இனி அது எந்த வாசலும் ஏறாது" என்றாய். அத்தான் பம்பாய்க்கு வேலைக்கென்று போனவர் அப்படியே போய்விட்டார். உன்னை நான் தச்சநல்லூருக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். மறு வருடம் எனக்கும் சரசுவுக்கும் பாரு பிறந்தாள்.

நீ ஆற்றில் விட்டுவிட்டு வந்ததை நான் பொறுக்கிக்கொண்டு வந்தேன் அக்கா. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் செய்தவன் நான்தான்.

பாருவுக்கு ஏழெட்டு வயது இருக்கும். சீவலப்பேரிப் பக்கம் ஓர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் எங்கள் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. சாயங்காலம் மைக் சரிபார்க்கும்போது சவுண்டு சர்வீஸ்காரர் "எதையாவது வாசிச்சுக்கிட்டே இருங்க அண்ணாச்சி" என்றார். எதையாவது என்று சொல்லிவிட்டால் கை தனக்குத் தெரிந்ததை வாசிக்கும். என் கை உன் பாட்டை வாசித்தது. இரண்டாவது கண்ணிக்கு வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பெயர் வருகிற இடத்தில் மட்டும் விரல் தானாக எழும்பிக்கொண்டது. அங்கே ஒரு வெற்றிடத்தை விட்டுவிட்டு அடுத்த அடிக்குப் போனேன்.

எங்கள் குழுவில் பாடுகிற ஸ்டீபன் அண்ணாச்சி சுக்குக் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "ஏ முருகா, இது எந்தப் படத்துப் பாட்டுவே? நான் கேட்டதில்லையே."

"படம் இல்ல அண்ணாச்சி."

"பெறவு?"

அந்தப் பக்கம் அம்மனுக்குப் பூ அலங்காரம் நடந்துகொண்டிருக்கிறது. கொடை மேடையில் ஒப்பாரி வாசித்தான் என்று ஒருத்தர் காதில் விழுந்தால் எங்களைப் பெட்டி படுக்கையோடு ஊர் எல்லையில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். "எங்க அக்கா ஊருல நாத்து நடும்போது பாடுத பாட்டு" என்றேன். ஒரே வரிதான். யோசித்துச் சொன்னதுகூட இல்லை.

அவர் விடவில்லை, வார்த்தையைச் சொல்லு என்று உட்கார்ந்துவிட்டார். மூன்று கண்ணியைச் சொன்னேன், நாலாவதை விழுங்கிவிட்டேன். பெயர் இருந்த இடத்தில் அவர் 'புள்ள' என்று போட்டுக்கொண்டார். தபேலாக்காரரிடம் குதிக்கிற மாதிரி ஒரு தாளம் கேட்டார். அன்று கச்சேரியில் "அடுத்து, நம்ம தாமிரவருணிக் கரை நடவுப் பாட்டு" என்று அவர் எடுத்தாரே பார்க்கணும், கூட்டம் எழுந்து ஆடியது. காத்திருக்கிற தாய் காத்திருக்கிற காதலனாகிவிட்டாள். மூன்று தடவை திரும்பப் பாடச் சொன்னார்கள். நான் கீபோர்டில் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. 

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். அதற்காகவே எங்களைக் கூப்பிட்டார்கள். வேறு குழுக்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போய் அவரவர் பாடினார்கள். ஸ்டீபன் அண்ணாச்சியைப் போகிற இடத்தில் எல்லாம் 'நடவுப் பாட்டு ஸ்டீபன்' என்றார்கள். அந்த மனிதர் கடைசி வரை என்னிடம் "உங்க அக்காவ ஒரு நாள் பாக்கணும்வே, அவ வாயால கேக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவளுக்குத் தொண்டை சரியில்லை என்று ஒவ்வொரு தடவையும் சாக்குச் சொன்னேன். நீ பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டு எல்லாக் காய்கறிக்காரர்களோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய்.

அடுத்தது காதர். காயல்பட்டினத்துக்காரர், துபாயில் ஒரு கடையில் வேலை. லீவில் வந்தவர் சினேகிதன் வீட்டுக் கல்யாணத்தில் ஸ்டீபன் அண்ணாச்சி பாடியதைக் கேட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் வந்து என்னிடம் வார்த்தை எழுதி வாங்கிக்கொண்டு போனார். நல்ல குரல் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் கரகரப்பு. அங்கே அறையில் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டு பாடியிருக்கிறார். 'புள்ள' என்று வருகிற இடத்தில் தன் மகள் பாத்துமாவைக் கூப்பிட்டிருக்கிறார். யாரோ அதை போனில் பிடித்து அனுப்ப, அது கடல் தாண்டி எல்லா ஊருக்கும் போய்விட்டது.

"அறையில பதினோரு பேரு அண்ணாச்சி. ஒருத்தன் மிச்சமில்லாம அழுதுட்டான்" என்று போனில் சொன்னார். "என்னமோ தெரியல, இதைப் பாடினா பிள்ளை பக்கத்துல இருக்க மாதிரி இருக்கு. உங்க ஊருல நடவுக்கா இதைப் பாடுதாங்க? நடுதவங்களுக்கு என்ன இம்புட்டுச் சங்கடம்?"

அடுத்த லீவு எப்போது என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். குதிக்கிற தாளத்தை எடுத்துப் போட்டுவிட்டு உன் நடைக்கே அவர் அதைக் கொண்டுபோயிருந்தார். யாரும் சொல்லிக் கொடுக்காமல் எப்படித் தெரிந்தது அவருக்கு? அந்த வீடியோவை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். பாத்துமா என்று அவர் கூப்பிட்ட இடத்தில் எனக்கு வேறு பெயர் கேட்டது. அன்றிலிருந்து அப்படித்தான். யார் பாடினாலும், அந்த இடத்தில் அவர்கள் போடுகிற பெயருக்கு அடியில் இன்னொரு பெயர் கேட்கும். மருந்துக் கடையில் யாருடைய போனோ மணி அடிக்கும், அந்த இசைதான். கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு நிற்பேன். கோமு என்று வரும் வரை எனக்கு மூச்சு வராது.

துபாய்க்காரர்கள் அனுப்பியதைக் கேட்டுத்தான் டிவி பாட்டுப் போட்டியில் ஒரு சென்னைப் பெண் அதை எடுத்தாள் என்றார்கள். சரசு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். தாமிரபரணிக் கரையில் நாற்று நடும் பெண்கள் ஆனந்தமாகப் பாடும் பாட்டு என்று அறிவித்தார்கள். நூறு வயலின் சேர்ந்த மாதிரி ஒரு சத்தம், நடுவில் அந்தப் பிள்ளையின் குரல். நல்ல குரல்தான், குறை சொல்ல மாட்டேன். பெயர் வருகிற இடத்தில் அவள் எந்தப் பெயரும் போடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று இழுத்தாள். நான் ரிமோட்டைத் தேடினேன். பின்கட்டில் நீ அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாய். அரைக்கிற சத்தம் நின்றது. பாட்டு முடிகிற வரை வரவில்லை. நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டும்போது மறுபடி அம்மி ஓடத் தொடங்கியது. அன்று துவையலில் உப்பே இல்லை, நாங்கள் அப்படியே சாப்பிட்டோம்.

அதன் பிறகு அது கல்யாண வீட்டுப் பாட்டானது. நலுங்குக்குப் பாடினார்கள், சடங்குக்குப் பாடினார்கள், பேண்டு வாத்தியக்காரர்கள் மாப்பிள்ளை அழைப்பில் வாசித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பெயர் வருகிற அந்த ஓட்டை காலியாக இருந்தது, அவரவர் வீட்டுப் பெண்ணின் பெயரைப் போட்டு அடைத்துக்கொண்டார்கள். இதுதான் அந்தப் பாட்டு இவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்டீபன் அண்ணாச்சி குரலோ வயலினோ காரணம் இல்லை.

பஸ்ஸில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். ஆழ்வார்திருநகரியில் உன் நாத்தனார் மகனுக்குக் கல்யாணம். அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று இருந்தவள், அந்தத் தடவை நீயாகக் கிளம்பினாய். தனியார் பஸ், டிரைவர் தலைக்கு மேல் ஸ்பீக்கர். கருங்குளம் தாண்டியதும் அந்தப் பெண் குரலில் வந்தது.  நீ கண்டக்டரைக் கூப்பிட்டாய்.

"தம்பி, கொஞ்சம் சத்தமா வையி."

அவர் வைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் கண்ணாடியில் உன் முகம் தெரிந்தது அக்கா. அவள் ம்ம்ம் என்று இழுத்த இடத்தில் எல்லாம் உன் உதடு அசைந்தது. பாட்டு முடிந்து வேறு பாட்டு வந்த பிறகு நீ சொன்னாய்: "நல்லாத்தான் பாடுதா. நடவுப் பாட்டாம்லா. குனிஞ்சு நடுதவளுக்கு இவ்வளவு நீளத்துக்கு மூச்சு எங்கன இருந்துடே வரும்?"

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நீ வாசலைத் திறந்து வைத்துவிட்டு நின்றாய், நான்தான் உள்ளே வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் வரை தூங்குகிற மாதிரி நடித்தேன். நீ அதற்கப்புறம் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ சத்தமாக வைக்கச் சொன்னது எனக்குக் கேட்கட்டும் என்றா, இல்லை கோமுவுக்குக் கேட்கட்டும் என்றா? ஆறு அந்த இடத்தில் ரோட்டை ஒட்டித்தானே ஓடுகிறது.

இனி சொல்வதுதான் எனக்குக் கஷ்டம்.

உன்னை ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுவந்து நடு வீட்டில் கிடத்தினோம். பெண்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தெருவில் எந்தச் சாவு என்றாலும் முதல் அடி எடுத்துக் கொடுக்கிற மாடத்தி அக்காதான் அன்றும் எடுத்தாள். தங்க ரதம், பூந்தேர், பட்டணத்துச் சேலை என்று எல்லோருக்கும் பாடுகிறதையே உனக்கும் பாடினார்கள். எனக்குத் தாங்கவில்லை. ஆண்பிள்ளை அந்த வட்டத்துக்குள் போகிற வழக்கம் கிடையாது, போனேன். மாடத்தி அக்காவின் காதில் சொன்னேன்: "அக்கா, அந்தப் பாட்டைப் பாடுங்க. உங்களுக்கெல்லாம் தெரியும்லா, அந்த நடவுப் பாட்டு."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏலே, உனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா? அது மங்கலப் பாட்டுலா. பொணத்துக்கு முன்னால அதைப் பாடினா நாளைக்கு எவ வீட்டுல அதைப் பாட முடியும்? போ, போயி வெளிய உக்காரு."

போய் வெளியே உட்கார்ந்தேன். அது இவளுடைய பாட்டு, சாவுக்குக் கட்டின பாட்டு, இந்த வீட்டில் இன்றைக்குத்தான் அதைப் பாட வேண்டும் என்று கத்தியிருக்கலாம். கத்தினால் பதினெட்டு வருடப் பொய் வெளியே வரும். எத்தனை கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து சட்டையைப் பிடிப்பார்கள் என்று அந்த நேரத்திலும் என் புத்தி கணக்குப் போட்டது. ஊரெல்லாம் பாடுகிற பாட்டு, அதைக் கட்டியவளுக்குக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் உன் அஸ்தியை அதே படித்துறையில் நான்தான் கரைத்தேன். அப்போதும் அந்தப் பாட்டைப் பாட வாய் வரவில்லை.

இப்போது வளைகாப்புக்கு வருகிறேன். நாள் குறித்த அன்றே பாரு சொல்லிவிட்டாள்: "அப்பா, பொம்பளைங்க எல்லாரும் சேந்து அந்தப் பாட்டைப் பாடணும். நீங்க வாசிக்கணும்."

 பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஆற்றங்கரையில் பாடினதை, பிள்ளைத்தாய்ச்சி முன்னால், அதுவும் என் மகள் முன்னால் வாசிப்பதா? கீபோர்டில் நாலு கட்டை வேலை செய்யவில்லை என்றேன். கை வலி என்றேன். அதற்கு வேறு பாட்டு நூறு இருக்கிறது என்றேன். அவள் உன்னை மாதிரி, பிடித்தால் பிடித்ததுதான். சரசுகூட "ஊரு வீட்டுல எல்லாம் வாசிக்கீங்க, பெத்த மகளுக்கு வாசிக்க வலிக்குதோ?" என்று கேட்டுவிட்டாள். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் பிள்ளை பயந்துவிடுவாளே என்று ஒரு பயம். சொல்லாமல் வாசித்தால் என்ன ஆகுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

முந்தின நாள் மத்தியானம் அவள் ஃபேனுக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்து கண்ணாடி வளையல்களை அளவு பார்த்து ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொடை மேடை, ஸ்டீபன் அண்ணாச்சி, நீ படியில் உட்கார்ந்திருந்தது, உன் சாவில் என் வாய் அடைத்துப் போனது. அவள் வளையலை ஜோடி சேர்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்ப்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது கோமுவுக்குப் பாடினதுன்னு தெரியும். சின்னதுல நீங்க கச்சேரிக்குப் போயிருவீங்க, அம்மாவுக்கு அடுக்களை வேலை. அத்தை என்னை இடுப்புல தூக்கிட்டு வாய்க்கா பாலத்துக்குப் போவா. வீட்டுக்குள்ள வச்சு ஒரு நாளும் பாடினதில்ல. அங்கன உக்காந்துதான் பாடுவா, நான் அப்படியே உறங்கிருவேன். கோமு வர்ற இடத்துல பாருன்னு பாடுவா. காலேஜுல படிக்கும்போது நானே கேட்டேன், சொன்னா."

 "நான்தான் பாட்டை வெளிய கொடுத்தேன்னு அவளுக்குத் தெரியுமா?"

"முருகனை விட்டா அது வேற யாருக்குத் தெரியும்னு சிரிச்சா."

"கோவப்பட்டாளாம்மா?"

பாரு யோசித்தாள். "சிரிச்சா. பெறவு எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிட்டா. அது கோவமா என்னன்னு எனக்குத் தெரியலப்பா."

அப்படியானால் பாட்டை முதலில் மாற்றிப் பாடியது ஸ்டீபன் அண்ணாச்சி இல்லை, நீதான். அவர் மேடையில் எடுப்பதற்கு ஆறேழு வருடம் முன்னாலேயே நீ பெயரை மாற்றிவிட்டாய். அத்தோடு விட்டாயா என்றால் அதுவும் இல்லை. பாரு நாலாவது கண்ணியை மெல்லப் பாடிக் காட்டினாள். வீட்டுக்குள் வேண்டாம் என்று கொல்லைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், முருங்கைக்கு அடியில் நின்று பாடினாள். படி நனைந்தது, கொலுசு அவிழ்ந்தது, தண்ணி குளிருதோ எல்லாம் அப்படியே இருந்தது. கடைசி அடி மட்டும் வேறு.

அத்தை கரையில நிக்கேன், ஏறி வந்துரு, பாரு.

நான் வரட்டோ என்றவள், ஏறி வந்துரு என்று பாடியிருக்கிறாய். எத்தனை நாள் எடுத்தது உனக்கு அந்த ஒரு அடியை மாற்ற? பதினாறு நாளோடு முடிந்தது என்று நினைத்து நான் எழுந்து போய்விட்டேன். அதற்குப் பிறகும் எத்தனை வருடம் நீ அந்தப் படியில் இருந்தாய், உன் தலைப்பை யார் பார்த்துக்கொண்டார்கள்? இடுப்பில் ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்திருந்தாள், அவள்தான் பிடித்து வைத்திருக்கிறாள். முருங்கைக்கு அடியில் நின்று நான் அழுதேன் அக்கா. பாரு என் தோளைத் தட்டிக்கொண்டு நின்றாள். "வாசிங்கப்பா, ஒண்ணும் ஆகாது" என்றாள்.

வாசித்தேன். வீடு நிறையப் பெண்கள். மாடத்தி அக்கா முன் வரிசையில் இருந்தாள். பாருவுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல் ஏறியதும் பாட்டை எடுத்தார்கள். மூன்று கண்ணியும் பாடினார்கள், ஓட்டை வருகிற இடத்தில் எல்லாம் 'கண்ணே' என்று போட்டுக்கொண்டார்கள். முடித்துக் கை தட்டினார்கள். நானும் கீபோர்டில் இருந்து கையை எடுத்துவிட்டேன்.

அப்போது பாரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே நாலாவதை எடுத்தாள். வீட்டுக்குள் பாடுவாள் என்று நான் நினைக்கவில்லை. உன்னுடைய இழுப்பு, உன்னுடைய மூச்சு. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், இப்படி ஒரு கண்ணி இருக்கிறதா என்று. முதல் மூன்று அடியிலும் பெயர் வருகிற இடத்தில் அவள் ஒன்றும் சொல்லவில்லை, அப்படியே விட்டாள். கடைசி அடிக்கு வந்தபோது வளையல் கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

தாயி கரையில நிக்கேன், ஏறி வந்துரு, கோமு.

இத்தனை வருடமாக என் காதுக்குள் மட்டும் கேட்ட பெயர், முதல் முறையாக வெளியே கேட்டது.  சந்தனக் கிண்ணத்தைப் பிடித்திருந்த சரசு அப்படியே நின்றாள். ஆயிரம் சாவுக்கு அடி எடுத்துக் கொடுத்த மாடத்தி அக்காவுக்கு அது என்ன பாட்டென்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் பார்வையை விலக்கிக்கொண்டேன். அவள் எழுந்து போய்ப் பாருவின் கன்னத்தில் சந்தனத்தைத் தடவி, தலையில் கை வைத்து, "நல்லபடியா ஏறி வருவா" என்றாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு மாடத்தி அக்கா என்னிடம் வந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன்.

"ஏலே முருகா, அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா" என்றாள். "அவ பாட்டை அவளுக்குப் பாடாம அனுப்பிட்டோமேடா. என் வாயாலயே வேண்டாம்னு சொன்னேனே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த மாசம் அவளுக்கு ரெண்டாம் வருசத் தெவசம் வருதுலா. ஆத்துக்கு நானும் வாரேன். எனக்கு அந்த நாலாவதைச் சொல்லிக் கொடு."

சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

அதனால் அக்கா, இது என் வாக்கு. அடுத்த மாதம் மாடத்தி அக்காவும் நானும் அந்தப் படித்துறைக்கு வருகிறோம். கீபோர்டு கிடையாது, மைக் கிடையாது. அவள் எடுப்பாள், நான் தொடுப்பேன். ஆண்பிள்ளை ஒப்பாரி பாடுகிறான் என்று ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பெயர் வருகிற இடத்தில் செண்பகம் என்று போட்டு, நாலு கண்ணியும் பாடி முடித்து, தலை முழுகிவிட்டுப் படியேறுவேன். திரும்பி வரும்போது எதையும் பொறுக்கிக்கொண்டு வர மாட்டேன்.

ஒன்றுதான் மனசைப் போட்டு அறுக்கிறது. பாரு கூப்பிட்டுவிட்டாள். கோமு படியேறி இந்த வீட்டுக்கு வந்துவிட்டால், அங்கே நீ தனியாகத்தானே இருப்பாய்?

தண்ணி குளிருதா அக்கா?

கரையில் நிற்கிற
உன் தம்பி முருகன்,
காது குத்த மடி கொடுக்காமல் போன கோமுவின் தாய்மாமன்.